ஆசானின் இருக்கை: 'மென்டார்' பதவியும் அதன் உண்மையான முன்னோடிகளும்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அசாசின்ஸ் கிரீட்' என்ற வீடியோ கேம் தொடரில், அசாசின் சகோதரத்துவம் என்னும் ரகசியச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரை 'மென்டார்' என்று அழைக்கிறார்கள். இந்தப் பதவி கதைக்குள் எப்படிக் கைமாறி வந்தது, உண்மை வரலாற்றில் இதற்கு ஏதேனும் வேர் இருக்கிறதா என்பதே கேள்வி.

வேர் இருக்கிறது. ஆனால் பதவியை வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கேம், அந்தப் பதவிக்கு உயிர் கொடுத்த நம்பிக்கையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டது. இதைப் பார்ப்பதற்கு முன், கதைக்குள் இருக்கும் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

2007இல் வெளிவந்த முதல் கேம் 1191ஆம் ஆண்டில், மூன்றாம் சிலுவைப்போர்க் காலத்தில், சிரியாவின் மஸ்யாஃப் கோட்டையை மையமாகக் கொண்டு நகர்கிறது. அங்கே சங்கத்தின் தலைவராக இருப்பவர் அல் முஅலிம். நம் ஊர் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரை 'முஅல்லிம்' என்று அழைக்கக் கேட்டவர்களுக்கு இந்தப் பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை; ஆசிரியர் என்பதுதான். கதாநாயகன் அல்தாயிர், ஆணவத்தால் ஒரு பணியைக் கெடுத்துவிட்டுத் திரும்புகிறான். முஅலிம் அவனுடைய பட்டத்தைப் பறித்து, கத்துக்குட்டி நிலைக்கு இறக்கி, ஒன்பது பேரின் பெயர்களைக் கொடுக்கிறார். ஒவ்வொரு இலக்கு விழும்போதும் ஒரு படி திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு நகரத்திலும் சங்கத்தின் நிலையத்தை நடத்துபவரிடம் அல்தாயிர் ஒரு வெள்ளை இறகைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அதை இறந்தவரின் கழுத்துக் குருதியில் தோய்த்து, சான்றாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தலைமை என்பது எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குக் கேட்கும் ஒன்று என்பதை அந்த இறகைவிடத் தெளிவாக வேறு எந்தக் காட்சியும் காட்டுவதில்லை. அந்த நிலையப் பொறுப்பாளருக்குக் கேம் சூட்டிய பெயர் 'ரஃபீக்'. தோழர் என்று பொருள்படும் இச்சொல்லை, மேற்கத்தியர் 'அசாசின்கள்' என்று அழைத்த ஷியா முஸ்லிம் பிரிவினரான உண்மையான நிஸாரி இஸ்மாயிலிகளும் தங்களுக்குள் ஒருவரையொருவர் அழைக்கப் பயன்படுத்தினார்கள். எழுதியவர்கள் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

கதையின் முடிவில் முஅலிமே எதிரிகளான டெம்ப்ளர்களுடன் கூட்டுச் சேர்ந்திருந்தவர் என்றும், 'ஏதேனின் ஆப்பிள்' என்ற பொருளின் உதவியால் மஸ்யாஃப் மக்களின் சிந்தனையைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்றும் தெரிகிறது. கோட்டைக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் மாணவன் ஆசானைக் கொல்கிறான். மாணவனே அடுத்த மென்டார் ஆகிறான். இந்தப் பதவியின் கதைக்குள்ளான வரலாற்றில் அடிக்கடி திரும்பி வரும் ஒரு போக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது: மென்டார்களுக்குப் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருவதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் சொந்த ஆளிடமிருந்துதான் வருகிறது.

அல்தாயிர் பதவியில் செய்தவை மற்ற மென்டார்கள் செய்தவற்றைவிட முக்கியமானவை. மறைகத்தியைப் பொருத்திக்கொள்ள மோதிர விரலை வெட்டிக்கொள்ளும் சடங்கை அவர்தான் ஒழித்தார். தன் ஆராய்ச்சிகளை ஒரு குறிப்பேடாக எழுதிவைத்தார். ஆனால் மங்கோலியருக்கு எதிரான பணிக்காக அவர் வெளியூர் போன இடைவெளியில் அப்பாஸ் என்பவன் கோட்டையைக் கைப்பற்றிக்கொள்கிறான். அல்தாயிர் நீண்டகாலம் ஒதுங்கி வாழ்ந்து, 1247இல், கிழவராகத் திரும்பி வந்துதான் இருக்கையை மீட்கிறார். பதவி என்பது கோட்டையில் உட்கார்ந்திருப்பவனுடையதா, கொள்கையைச் சுமந்து திரிபவனுடையதா என்ற கேள்வியை இந்தத் தொடர் நேர்மையாக எழுப்பிய ஒரே இடம் இதுதான் என்பது என் கருத்து.

அடுத்தவர் எட்ஸியோ அவுதித்தோரே. 1503இல் ரோம் நகரில், டைபர் ஆற்றுத் தீவின் மறைவிடத்தில், மாக்கியவெல்லி அவரை மென்டாராக அறிவிக்கிறார். இங்கே ஒரு மாற்றம் நடக்கிறது. அதுவரை விளையாடுபவர் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஆளாக மட்டுமே இருந்தார். எட்ஸியோவின் ரோம் கதையில், நகரை ஆட்டிப்படைத்த போர்ஜியா குடும்பத்தின் வீரர்களிடம் அடிபடும் சாதாரண நகரவாசிகளைக் காப்பாற்றி, சங்கத்தில் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஐரோப்பிய நகரங்களுக்குப் பணிக்கு அனுப்பிவைப்பது விளையாடுபவரின் வேலையாகிறது. தான் அனுப்பிய ஆள் திரும்பி வராமல் போகும்போது ஏற்படும் சங்கடத்தையும் அப்போதுதான் அவர் முதன்முறையாக உணர்கிறார்.

மற்றவர்களை வேகமாகக் கடந்துவிடலாம். கரீபியத் தீவுகளில் ஆ தபாய், அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளில் அக்கிலீஸ் டேவன்போர்ட், சீனாவில் ஷாவ் ஜுன் என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மென்டார் இருக்கிறார். உலகம் முழுவதற்கும் ஒரே தலைவர் என்ற ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸில் மென்டார் தனியாக ஆள்வதில்லை. ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குகிறார். அவர் வேறு யாருமல்ல, வரலாற்றில் புகழ்பெற்ற புரட்சித் தலைவர் மிராபோ. உண்மையில் 1791 ஏப்ரல் 2 அன்று நோயால் இறந்த அந்த மனிதரை, கேம் தன் சங்கத்தைச் சேர்ந்த பெல்லெக் நஞ்சு வைத்துக் கொன்றதாகச் சொல்கிறது. 2000ஆம் ஆண்டில் நடப்பதாக வரும் கிளைக்கதையில், பெயர் சொல்லப்படாத ஒரு மென்டாரை, அவர் நம்பி அருகில் அழைத்த டேனியல் கிராஸ் கொல்கிறான்; டெம்ப்ளர்கள் அவன் மனத்தில் ஏற்கெனவே விதைத்திருந்த தூண்டுதல் அது. மஸ்யாஃப் தோட்டம், பாரிஸ், 2000 என்று மூன்று இடங்களிலும் கத்தியோ நஞ்சோ வந்தது உள்ளேயிருந்துதான்.

இனி உண்மை வரலாற்றுக்கு வருவோம். நிஸாரி இஸ்மாயிலிகளிடம் 'மென்டார்' என்ற பெயரில் ஒரு பதவி இருந்ததில்லை. அவர்களிடம் இருந்தது அழைப்பாளர்களின் படிநிலை. உச்சியில் இமாம், அதாவது நபிவழி வந்த சமயத் தலைவர், அவருக்குக் கீழே, அவர் சார்பாகப் பேசும் 'ஹுஜ்ஜத்', அதாவது சான்றாக நிற்பவர், அதற்குக் கீழே 'தாஈ' எனப்படும் அழைப்பாளர்கள், பின்னர் போதிக்க அனுமதி பெற்றவர்கள், புதிதாக ஏற்றவர்கள். உயிரைக் கொடுத்துக் கொலைப் பணிக்குப் போன 'ஃபிதாயி'கள் இந்த அறிவுப் படிநிலையில் உயர்ந்தவர்கள் அல்லர். கேமில் கத்தித் திறமைதான் ஒருவரை மேலே ஏற்றுகிறது. நிஸாரிகளின் தலைமைக் கோட்டையான அலமூத்தில் ஏற்றியது கல்வியும் விசுவாசமும். முதல் பெரிய வேறுபாடு இதுதான்.

இந்த அமைப்பைப் பாரசீகத்தில் நிலைநிறுத்தியவர் ஹசன் சப்பாஹ். கும் நகரில் பன்னிரு இமாம் ஷியா குடும்பத்தில் பிறந்து, ரய் நகரில் வளர்ந்து, இளம் வயதில் இஸ்மாயிலி ஆனவர். எகிப்து சென்று இஸ்மாயிலிக் கலீஃபாக்களான ஃபாத்திமியரின் ஆட்சியை நேரில் கண்டு திரும்பியவர். 1090இல் அவர் அலமூத்தைப் பிடித்த விதத்தைப் பாருங்கள். முதலில் தன் அழைப்பாளர்களை அனுப்பிக் கோட்டைக் காவலர்களைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு வேறு பெயரில் தானே உள்ளே போய்த் தங்கினார். கோட்டையின் பொறுப்பாளர் விழித்துக்கொண்டபோது, காவலர்களில் பெரும்பாலோர் புதிதாக வந்தவரின் ஆட்களாகிவிட்டிருந்தார்கள். அவரை வெளியே அனுப்பும்போது ஹசன் 3,000 பொன் தினாருக்கு ஓர் உண்டியல், அதாவது பணம் தரச் சொல்லும் சீட்டு, எழுதிக்கொடுத்ததாகவும், தாம்கான் வட்டாரத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஒருவரின் பெயருக்கு எழுதப்பட்ட அந்தச் சீட்டை அவர் நம்பிக்கையில்லாமல் நீட்டியபோது, ரகசிய இஸ்மாயிலியான அந்த அதிகாரி அதை முத்தமிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்ததாகவும் பாரசீக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு ரகசிய அமைப்பின் வலிமையை அதன் கத்திகளை வைத்து அளப்பவர்கள் இந்த உண்டியலைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அலமூத் என்ற பெயருக்குக் 'கழுகின் போதனை' என்று ஒரு விளக்கம் உண்டு. ஒரு கழுகு வந்து இறங்கிய பாறையைப் பார்த்து அரசன் ஒருவன் கோட்டை கட்டினான் என்பது கதை. அந்தப் பெயரின் எழுத்துகளுக்கு அரபு மரபில் எண் மதிப்பிட்டுக் கூட்டினால், ஹசன் கோட்டையைப் பிடித்த ஹிஜ்ரி 483 வரும் என்பதையும் பழைய நூல்கள் வியப்போடு குறிக்கின்றன. கேமின் நாயகர்களுக்குக் கழுகோடு தொடர்புள்ள பெயர்கள் வைக்கப்பட்டதற்கும் இதற்கும் உறவு இருந்தால் நான் வியக்க மாட்டேன்.

போதனை என்ற சொல்லில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. ஹசன் வலியுறுத்திய கொள்கைக்கே 'தஅலீம்', அதாவது போதனை என்று பெயர். அவருடைய வாதத்தைப் பாரசீக அறிஞர் ஷஹ்ரஸ்தானி அரபியில் சுருக்கித் தந்திருக்கிறார். இறைவனை அறிய மனித அறிவு மட்டும் போதும் என்று ஒருவர் சொல்லிவிட்டு, மற்றவரின் அறிவு தப்பு என்று மறுத்தால், அந்த மறுப்பின் மூலமே அவர் போதிக்கத் தொடங்கிவிடுகிறார். ஆக, போதிப்பவர் தேவை என்பது உறுதியாகிறது. தேவை என்றால் எவர் வேண்டுமானாலும் போதிக்கலாமா, நம்பத்தக்க ஒருவர்தான் போதிக்க வேண்டுமா? ஒருவர்தான் என்றால், பிரிவுகளும் முரண்பாடுகளும் இல்லாத அந்த ஒற்றைப் போதகர் இமாமே. வாதத்தின் கட்டுமானம் அசாத்தியமானது. ஒரு படியை ஒப்புக்கொண்டால் அடுத்த படிக்குத் தானாகவே இழுத்துச் செல்லும். இதன் கவர்ச்சி எவ்வளவு என்றால், அப்பாசியக் கலீஃபா முஸ்தஸ்ஹிர் கேட்டுக்கொண்டதன் பேரில் புகழ்பெற்ற சன்னி அறிஞர் கஸ்ஸாலியே இதை மறுத்துத் தனி நூல் எழுத வேண்டியிருந்தது.

இப்போது கேமின் முஅலிமை நினைத்துப் பாருங்கள். பெயர் அதே ஆசிரியர்தான். ஆனால் கேமின் அசாசின்கள் எந்த அதிகாரத்தையும் கேள்வி கேட்கச் சொல்பவர்கள். எதுவும் நிச்சயமில்லை என்ற பொருள்படும் வாசகத்தைத் தங்கள் கோட்பாடாக வைத்திருப்பவர்கள். அந்த வாசகத்தை அலமூத்தோடு ஒட்டவைத்ததில் 1938இல் ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் எழுதிய நாவலுக்குப் பெரும் பங்குண்டு. ஹசனின் காலத்து நூல்களில் அது இல்லை. ஆசிரியர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகும் கணத்தை உண்மை நிஸாரிகள் மீட்சியாகக் கண்டார்கள். கேமோ அதே கணத்தை, ஆப்பிளைக் கையில் ஏந்திய முஅலிமின் உருவத்தில், துரோகமாகக் காட்டுகிறது. அந்த வகையில் கேம் தன்னையறியாமலே கஸ்ஸாலிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கஸ்ஸாலி கேமையும் சேர்த்துக் கண்டித்திருப்பார் என்பது வேறு.

ஹசனின் சொந்த வாழ்க்கை இந்தக் கொள்கையின் கடுமைக்குச் சாட்சி. அலமூத்துக்குள் போனபின் சாகும்வரை சுமார் 34 ஆண்டுகள் அவர் கோட்டையை விட்டு இறங்கவில்லை. இரண்டு மகன்களுக்கும் மரண தண்டனை விதித்தார். ஒருவன் மீது மது அருந்திய குற்றம், இன்னொருவன் மீது கொலைக்கு உடந்தையான குற்றம். கோட்டைக்குள் புல்லாங்குழல் வாசித்த ஒருவரை வெளியேற்றினார். முற்றுகைக் காலம் ஒன்றில் மனைவியையும் பெண்பிள்ளைகளையும் கிர்த்கூஹ் கோட்டைக்கு அனுப்பி, மற்றப் பெண்களைப் போல நூல் நூற்றுப் பிழைக்கச் சொன்னார். தலைவரின் வீட்டுக்குத் தனிச் சட்டம் கிடையாது என்பதை இதைவிடக் கொடூரமாக நிரூபிக்க முடியாது. இவ்வளவுக்கும் பிறகு அவர் தன்னை இமாம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1094இல் ஃபாத்திமியக் கலீஃபா முஸ்தன்ஸிர் இறந்து, வாரிசுப் போட்டியில் மூத்த மகன் நிஸார் தோற்றுக் கொல்லப்பட்டபின், மறைவில் இருப்பதாக நம்பப்பட்ட நிஸார் வழி இமாமின் ஹுஜ்ஜத்தாகவே அவர் கருதப்பட்டார். 'மென்டார்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமும் இங்கே வியப்பாகப் பொருந்துகிறது. ஹோமரின் காவியத்தில் மென்டார் என்பவர் ஒடிசியஸின் மகனைப் பார்த்துக்கொள்ளும் முதியவர். ஆனால் பல இடங்களில் அவர் உருவில் வந்து பேசுவது அதீனா தெய்வம். இருக்கையில் ஒருவர், குரல் வேறொருவருடையது.

1124இல் சாகும் தறுவாயில் ஹசன், லமஸர் கோட்டைத் தளபதி புஸுர்க் உம்மீதைத் தன் இடத்தில் நியமித்தார். இமாம் வந்து தம் அரசை ஏற்கும்வரை பொறுப்பு என்பதே ஏற்பாடு. தன் பிள்ளைகளைக் கொன்றவர் பிள்ளை வழிக்கு வழி விட்டுப் போகவில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் புஸுர்க் உம்மீத் 1138இல் இறந்தபோது மகனை நியமித்தார், அந்த மகனுக்குப் பின் பேரன் வந்தான். நியமனப் பதவி இரண்டே தலைமுறையில் பரம்பரைச் சொத்தாயிற்று.

அந்தப் பேரன்தான் இரண்டாம் ஹசன். 1164 ஆகஸ்ட் 8 அன்று, அதாவது ரமலான் 17ஆம் நாள், அலமூத்தின் திடலில் அவர் ஒரு மேடை போடச் செய்தார். நான்கு மூலைகளிலும் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் பெரிய கொடிகள். வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட மக்கள் மேடையைப் பார்த்து நிற்க, அவர்களின் முதுகு மக்காவின் திசையில் இருந்தது. நண்பகலில் ஹசன் மேடையேறி, இமாமின் செய்தி என்று சொல்லி, 'கியாமத்' என்னும் மறுமை நாள் வந்துவிட்டது, ஷரீஅத்தின் புறச் சுமைகள் நீங்கிவிட்டன என்று அறிவித்தார். பிறகு நோன்பு மாதத்தின் நடுப்பகலில் அனைவரும் உட்கார்ந்து விருந்துண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1166இல், லமஸரில் அவருடைய மைத்துனரே அவரைக் குத்திக் கொன்றார். இரண்டாம் ஹசன் இமாமின் பிரதிநிதி மட்டுமல்ல, நிஸார் வழிவந்த இமாமே என்று அவர் மகனின் காலத்தில் தெளிவாக நிலைநாட்டப்பட்டது. சார்பாகப் பேச வைக்கப்பட்ட இருக்கை, பேசப்பட்டவருக்கே உரியதாயிற்று. இதைப் போன்ற ஒரு திருப்பத்தைக் கற்பனை செய்யும் துணிவு கேமை எழுதியவர்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மைத்துனரின் கத்தியை மட்டும் அவர்கள் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார்கள்.

கேமின் முஅலிமுக்கு நேரடி மாதிரியான ரஷீதுத்தீன் சினான், இந்த இரண்டாம் ஹசனுடன் அலமூத்தில் படித்தவர். பஸ்ரா பகுதியில் பிறந்த அவர் சிரியக் கோட்டைகளை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்தினார்; சிலுவைப்போர்க்காரர்கள் 'மலையின் முதியவர்' என்று அஞ்சிச் சொன்னது முதலில் இவரைப் பற்றித்தான். சுல்தான் சலாவுதீன் மீது இருமுறை கொலை முயற்சி நடந்தபின், அவர் 1176இல் மஸ்யாஃபை முற்றுகையிட்டு, சில நாட்களில் விலகிப் போனார். சலாவுதீனின் தலைமாட்டில் ஒரு கத்தியும் மிரட்டல் சீட்டும் இருந்தன என்பது பிற்காலக் கதை. முற்றுகை விலகியது மட்டும் உண்மை. 1192 ஏப்ரலில் டயர் நகரில் சிலுவைப்போர்த் தலைவர் மோன்ஃபெராத்தின் கொன்ராத் கொல்லப்பட்டதும் சினான் காலத்தில்தான். கேம் மறைக்கும் ஒன்று உண்டு: சினானுக்கு மேலே அலமூத் இருந்தது, அலமூத்துக்கும் அவருக்கும் உறவு எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. கேமின் முஅலிமுக்கு மேலே யாரும் இல்லை. அதனால்தான் அவருடைய துரோகத்தைத் தடுக்கக் கத்தியைத் தவிர வேறு வழியும் இல்லை.

உண்மையான நிஸாரிகள் அழிந்துவிட்டார்கள் என்று கேமை மட்டும் பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. அலமூத்தின் கடைசித் தலைவர் ருக்னுத்தீன் குர்ஷாஹ் 1256 நவம்பரில் மங்கோலியத் தலைவர் ஹுலாகுவிடம் சரணடைந்து, அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். சிரியக் கோட்டைகளை மம்லூக் சுல்தான் பைபர்ஸ் 1273க்குள் எடுத்துக்கொண்டார். ஆனால் இமாம்களின் வழி தொடர்ந்தது. ஆகா கான்கள் அந்த வழியினரே. 2025 பிப்ரவரியில் நான்காம் ஆகா கான் மறைந்ததும் அவர் மகன் ரஹீம் ஐந்தாம் ஆகா கானாக, 50ஆம் இமாமாக ஏற்கப்பட்டார். 1094 பிளவின் மறுபக்கத்தில் நின்றவர்களின் வழிவந்த தாவூதி போராக்கள் சென்னையிலும் வாழ்கிறார்கள். அவர்களின் தலைவர் இன்றும் 'தாஈ அல் முத்லக்' என்ற பட்டத்தையே தாங்குகிறார், மறைவில் இருக்கும் இமாமின் சார்பாக. ஹசன் சப்பாஹ் வகித்த நிலைக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவு இது. இதில் ரகசியமும் இல்லை, கத்தியும் இல்லை.

மென்டாரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டால், 'வழிகாட்டி' என்ற அகராதிச் சொல்லைத் தவிர்த்து 'ஆசான்' என்பேன். சிலம்பமும் வர்மமும் கற்பிப்பவரை அப்படித்தான் அழைக்கிறோம். கையில் கம்பும் வாயில் பாடமும் இருப்பவர் என்ற இரட்டைப் பொருள் அதில் வந்துவிடுகிறது.

கதையில் அல்தாயிர் 1257இல் மஸ்யாஃபின் நூலகத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு இறக்கிறார். 1512இல் எட்ஸியோ அந்தக் கதவைத் திறக்கும்போது உள்ளே நூல்கள் இல்லை; எலும்புக்கூடும் ஆப்பிளும் இருக்கின்றன. அலமூத்தின் உண்மையான நூலகத்துக்குள் 1256இல் நுழைந்தவர் ஹுலாகுவின் அலுவலரான வரலாற்றாசிரியர் ஜுவைனி. குர்ஆன் பிரதிகளையும் வானியல் கருவிகளையும் ஹசன் சப்பாஹின் வாழ்க்கை வரலாற்றையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, இஸ்மாயிலிக் கொள்கை நூல்களை எரித்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த வாழ்க்கை வரலாற்றின் மூலப் பிரதி இன்று இல்லை. உண்டியல், புல்லாங்குழல், இரண்டு மகன்கள் என்று மேலே ஹசனைப் பற்றி நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை, அதைப் படித்துவிட்டு ஜுவைனி தன் நூலில் எழுதிவைத்ததிலிருந்து வந்தவை.